இரட்டை மரபணுக்கள் ஏன் அழியாமல் நிற்கின்றன?

கேள்வி: எங்கள் வீட்டுச் சாமான் அறையில், அப்பத்தாவுக்குச் சீராக வந்த பித்தளைத் தவலைகள் ஒரே அளவில் இரண்டிரண்டாக இருக்கின்றன. உயிர்களின் மரபணுக்களிலும் இப்படி இரட்டைகள் உண்டு என்று படித்தேன். ஒன்றே போதும் என்னும்போது மற்றது கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதையாமல் இருப்பது எப்படி? ஆபத்துக்கு உதவட்டும் என்று இயற்கை சேமித்து வைக்கிறதா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இரட்டித்த மரபணுக்களில் பெரும்பாலானவை நிலைப்பதில்லை. ஒரு பிரதி வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மற்றதில் பிறழ்வு நேர்ந்தாலும் உயிருக்கு நட்டமில்லை என்பதால், அது சில பத்து லட்சம் ஆண்டுகளில் செயலிழந்து போலி மரபணுவாகிவிடுகிறது. ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்ட்டின் மூதாதையிடம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் மரபணுத்தொகுதி முழுவதுமே இரட்டித்தது. இன்று அவற்றில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இரட்டையாக மிஞ்சியிருக்கிறது.

மிஞ்சியவை ஏன் மிஞ்சின? 1970இல் மரபியலாளர் சுசுமு ஓனோ தந்த விளக்கம், ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றது புது வேலை கற்கிறது என்பது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில் அரக்குச் சிவப்பையும் இலைப் பச்சையையும் நாம் பிரித்தறிவது, நம் மூதாதையரிடம் ஒளியுணர் மரபணு ஒன்று இரண்டாகி, அவை வெவ்வேறு நிறங்களுக்கு ஏற்ப விலகியதால்தான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, 1999இல் ஆலன் ஃபோர்ஸும் மைக்கேல் லிஞ்சும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்த விளக்கம். உங்கள் தவலைகளையே எடுத்துக்கொள்வோம். முன்பு ஒவ்வொன்றிலும் தண்ணீரும் வைக்கலாம், நெல்லும் கொட்டலாம். ஒன்றின் அடியில் பொத்தல் விழுந்துவிட்டது. தண்ணீர் நிற்காது, நெல் நிற்கும். மற்றதன் வாய் நசுங்கிப் படி உள்ளே நுழையாது. நெல்லை அள்ள முடியாது, தண்ணீரைச் சாய்த்து ஊற்றலாம். இனி இரண்டில் எதையும் பழைய பாத்திரக்காரரிடம் போட முடியாது. பழுதே இரண்டையும் காப்பாற்றிவிட்டது! மரபணுவின் இரு பிரதிகளும் இப்படி வெவ்வேறு வேலையை இழந்தால், இரண்டுமே தேவையாகிவிடும். நம் நாட்டு ஓடைகளில் வாழும் ஜீப்ரா மீனில் இப்படி நடந்திருக்கிறது: எலியில் ஒரே மரபணு, கருவில் முன்கால் முளைக்கும் மொட்டிலும் பின்மூளையிலும் செயல்படுகிறது, மீனிலோ அதன் ஒரு பிரதி மார்புத் துடுப்பிலும், மற்றது பின்மூளை நரம்புகளிலும் செயல்படுகிறது.

அளவு கூடுதலாகத் தேவைப்படுவதும் ஒரு காரணமே. கவுனி அரிசியை மென்றால் நாவில் ஊறும் இனிப்புக்குக் காரணமான, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் உமிழ்நீர் நொதியான அமிலேஸின் மரபணுப் பிரதிகள், மாவுச்சத்தை அதிகம் உண்ணும் மக்களிடம் சராசரியில் மிகுதி என்று 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கூட்டாக இயங்கும் புரதங்களில் ஒன்று மட்டும் குறைந்தால் விகிதம் கெடும் என்பதாலும் சில இரட்டைகள் சேர்ந்தே தங்குகின்றன.

கடைசியாக, நீங்கள் கேட்ட சேமிப்பு. இரண்டாம் பிரதி ஆபத்துக்கு உதவுவதுண்டு. ஆனால் நாளைய ஆபத்தை எதிர்பார்த்து அதை இயற்கைத் தேர்வு பாதுகாப்பதில்லை. அதை இழந்த உயிர் இன்றே சற்றுப் பின்தங்கினால்தான், அது தலைமுறை தலைமுறையாக நிற்கும்.