புரோகிராம் ஓடுகிறது, வேலைதான் கிடைக்கவில்லை

கேள்வி: நான்கு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். ஆன்லைன் தேர்வு, கோடிங் சுற்று எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறேன். நேரில் உட்கார்ந்து பேசும் சுற்றில்தான் கழற்றிவிடுகிறார்கள், மூன்று இடங்களில் இப்படி ஆகிவிட்டது. என்னைவிடக் குறைவாகத் தெரிந்த நண்பன் பேசியே வேலை வாங்கிவிட்டான். திறமைக்கு மதிப்பே இல்லையா? (பெயர் வேண்டாம்)

பதில்: நண்பனின் இன்டர்வியூவில் நீங்கள் உட்காரவில்லை, அதனால் அவரை விட்டுவிடுவோம். நேர்முகத்தை நீங்கள் 'பேசும் சுற்று' என்கிறீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அது பேச்சுப் போட்டி இல்லை. ராத்திரி 11 மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் இந்த ஆளோடு உட்கார்ந்து சரிசெய்ய முடியுமா என்றுதான் எதிரே இருப்பவர் பார்க்கிறார்.

நானும் ஆளெடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் கேள்வியைக் கேட்டதும் தலையைக் குனிந்தார், 20 நிமிடம் சத்தமே இல்லை, கடைசியில் சரியான விடையை நீட்டினார். நடுவில் ஏன் ஒரு வழியை விட்டு இன்னொன்றுக்குப் போனார் என்று எங்களுக்குத் தெரியவில்லை, நாங்கள் ஒரு குறிப்பு கொடுத்தபோதும் 'அது சரிப்படாது' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார். அவரை எடுக்கவில்லை. ஏன் சரிப்படாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஒருவேளை எடுத்திருப்போம்.

அதனால் எழுத ஆரம்பிக்கும் முன் கேளுங்கள்: டேட்டா எவ்வளவு வரும், தப்பான உள்ளீடு வந்தால் என்ன செய்ய வேண்டும்? அப்புறம் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், 'முதலில் எளிய வழி, மெதுவாகத்தான் ஓடும், பிறகு ஹேஷ் மேப் போட்டு வேகமாக்குகிறேன்' என்கிற அளவில் போதும் (ஹேஷ் மேப் என்பது தேடும் டேட்டாவைச் சட்டென்று எடுத்துத் தரும் அமைப்பு). தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சக ஊழியரோடு மோதல் வந்திருக்கிறதா என்று கேட்டால் 'நான் எல்லோரோடும் ஒத்துப்போவேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், அதில் தப்பு உங்கள் பக்கம் இருந்திருந்தால் இன்னும் நல்லது.

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தன் கடுமையான மின்னஞ்சல்களுக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த மாதமே திரும்பி வர அவருக்கு இடமும் இருந்தது. நமக்கெல்லாம் அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: நான் நேர் எதிர். நன்றாகப் பேசுவேன், தொழில்நுட்ப அடிப்படைதான் கொஞ்சம் ஆட்டம். பேசியே சமாளிக்கலாமா?

பதில்: எதிரே இருப்பவர் கேட்கும் இரண்டாவது 'ஏன்' வரை சமாளிக்கலாம். மூன்றாவதில் மாட்டிக்கொள்வீர்கள். ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் எடுத்து நீங்களே மூன்று தடவை 'ஏன்' கேட்டுப் பாருங்கள், தாங்காததை இன்றைக்கே அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது அரைப் பக்கம்தான் என்றால், சரி, அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.