தோண்டாமலே கற்கால ஊரைத் தேடுவது

கேள்வி: திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் கற்கால மக்கள் குழிவீடுகளில் வாழ்ந்ததாகப் படித்தேன். அதுபோன்ற இடத்தில் மண்ணை வெட்டாமல் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாமா?
கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

பதில்: வீடு தெரியாது, குழி தெரியும். பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. அங்கே இருந்ததுபோன்ற குழியில், ஆட்கள் போன பிறகு சாம்பலும் குப்பையும் மேல்மண்ணும் சேரும். நெருப்புப் பட்ட மண்ணில் காந்தத்தன்மை கூடும். அதனால் முதலில் எடுக்கவேண்டியது காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி. இங்கே பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் சிறு அலகு). குழியால் வரும் வித்தியாசமோ பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான்!

20 மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டுங்கள். முளை மரமாக இருக்கட்டும், இரும்பு ஆகாது. கருவியோடு நடக்கும் கோடுகளுக்கு இடையே 1 மீட்டர் விட்டால் சிறிய குழி தப்பிவிடும். அரை மீட்டர் விட்டு, கால் மீட்டருக்கு ஓர் அளவு எடுத்தால் ஒரு சதுரத்துக்கு 3,200 அளவுகள். அப்போதும் கம்பம் நட்ட குழி சிக்காது. நடப்பவரிடம் செல்போன், சாவி, பெல்ட் கொக்கி, ஆணி அடித்த செருப்பு எதுவும் கூடாது. வெயில் ஏற ஏறக் கருவியின் பூஜ்யம் நகரும். சதுரத்துக்கு ஒருமுறை சரிசெய்யவேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுக் காந்தமானிப் படங்களில் குழி ஒரே கறுப்புப் பொட்டாகத் தெரிகிறது. நம் ஊர்ப் படத்தில் ஏன் கறுப்பும் வெள்ளையும் ஜோடியாக வருகின்றன?
ஆசிரியர், ஆம்பூர்

பதில்: கருவியில் கோளாறு இல்லை. பிரிட்டனில் காந்தப்புலம் செங்குத்துக்கு நெருங்கிய சாய்வில் இறங்குகிறது. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அது ஏறக்குறையப் படுத்திருக்கிறது. ஆகவே ஒரே குழிக்குத் தெற்கே கூடுதலும் வடக்கே குறைவுமாக இரண்டு பொட்டுகள் விழும். இரண்டு குழி என்று எண்ணிவிடாதீர்கள். குழி நடுவில் இருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் பள்ளம் நடுப்பகுதியில் மங்கி, முனைகளில் மட்டும் தெரியலாம். இதை மறந்துவிட்டு "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுதுவது பெரிய தவறு.

வட ஆற்காட்டில் பாறையும் குறுக்கே வரும். டோலரைட் (எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை) கல் வரிசை நிலத்தடியில் ஓடினால் நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா காட்டி, பக்கத்துக் குழிகளை விழுங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயும் முள்வேலியும் அப்படியே. அந்தப் பகுதிகளில், மண்ணில் உலோக முனைகளை நட்டு மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வுதான் கைகொடுக்கும்.

கேள்வி: மின்தடை ஆய்வுக்கு எந்த மாதம் நல்லது?
வாசகர், குடியாத்தம்

பதில்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை, மாசியில். குழிமண் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், மின்தடை குறையும். கல்லடுக்கு எதிர்மாறாகக் காட்டும். சித்திரையில் மேல்மண் காய்ந்து முனைகளுக்குத் தொடர்பே கிடைக்காது. தண்ணீர் ஊற்றிச் சமாளித்தால் இடத்துக்கு இடம் அளவு மாறும். இடத்துக்கு இடம் நகர்த்தி அளக்கும் இரண்டு முனைகளுக்கு அரை மீட்டர் இடைவெளி வைத்தால் ஏறக்குறைய முக்கால் மீட்டர் ஆழம் வரை பார்க்கலாம். நகர்த்தாமல் தூரத்தில் நட்டுவைக்கும் மற்ற இரண்டு முனைகளை அளக்கும் சதுரத்திலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நடுங்கள்.