காய்ந்து நனைந்த கரிதான் வில்லங்கம்: கேள்வி பதில்

பதில் சொல்பவர் வல்வெட்டித்துறைக்காரர், நிலக்கரி ஏற்றும் கப்பல்களில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

உரும்பிராய், உயர்தர மாணவி: ஐயா, தண்ணீர் பட்டால் நெருப்பு அணையும். பிறகு நனைந்த நிலக்கரி எப்படித் தானாகப் பற்றும்?

நனைந்தபடியே கிடக்கும் கரிக்கு நான் பயப்படுவதில்லை, பிள்ளை. கரி காற்றிலுள்ள ஒட்சிசனை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது கொஞ்சம் வெப்பம் பிறக்கும். ஈரம் இருந்தால் அந்த வெப்பம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். வெயிலில் காய்ந்தால்தான் சிக்கல். நுண்துளைகள் வெறுமையாகும், கட்டி வெடித்துப் புதுப் பரப்பும் தெரியும். அதன்மேல் மழையோ ஈரக்காற்றோ பட்டால், துளைகளில் ஈரம் ஒட்டும்போதே வெப்பம் வெளிவரும். நீராவி கையில் பட்டுத் தண்ணீராகும்போது சுடுகிறதே, அந்தக் கணக்குத்தான். அந்தச் சூட்டில் ஒட்சியேற்றமும் வேகமெடுக்கும்.

வட்டுக்கோட்டை, புகையிலைத் தோட்டக்காரர்: பாடம் போட்ட புகையிலைக்குள் கை விட்டாலும் சுடும். இரண்டும் ஒன்றா?

காரணம் வேறு. புகையிலையில் சூட்டைக் கிளப்புவது நொதிகளும் நுண்ணுயிர்களும். ஆனால் குவியலின் குணம் ஒன்றுதான்: உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் பிரித்து மாற்றி அடுக்குகிறீர்கள் அல்லவா? சூடேறிய கரியையும் தோண்டி எடுத்துப் பரப்பித்தான் ஆற வைப்பார்கள்.

கொக்குவில்: நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் ஏன் அவ்வளவு கரியைக் குவிக்க வேண்டும்? வரவர எரிக்கலாமே?

தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே கடல் கொந்தளிக்கும், கரி இறக்க முடியாது. 900 மெகாவாட் நிலையம் அந்த மாதங்களிலும் எரிய வேண்டும். ஆகவே முன்கூட்டியே குவித்தாக வேண்டும். மெல்லிய அடுக்காகக் கொட்டிப் புல்டோசரால் இறுக்கினால் காற்று நுழையாது. பெரிய கட்டிகள் உருண்டு சேரும் அடியோரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். காற்று நுழையும் வாசல் அது.

பருத்தித்துறை: அண்ணை, கப்பலில் புகைந்தால் தண்ணீர் அடிப்பீர்களா?

கரி இருக்கும் அறைக்குள் அடிக்க மாட்டோம். செந்தணலில் தண்ணீர் பட்டால் ஐதரசனும் காபனோரொட்சைட்டும் வரும். ஒன்று வெடிக்கும், மற்றது ஆளையே கொல்லும். மூடியை இறுக்கி அடைத்துக் காற்றை நிறுத்துவோம். ஒருமுறை விடியப்புறம் மூடி விளிம்பில் வியர்வைபோல நீர் துளிர்த்திருந்தது, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மணம். வெப்பமானியில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. குழாய் வழியே காற்றை இழுத்துப் பார்த்தால் காபனோரொட்சைட்டு முதல்நாளைவிட ஏறியிருந்தது. வெப்பமானி அது செருகியிருக்கும் இடத்தை மட்டும்தான் சொல்லும். ஏற்றும்போதே கரி 55 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தால் ஏற்றவே கூடாது என்பது வழமை.

சுன்னாகம், கம்மாலைக்காரர்: சிரட்டைக்கரி மூட்டை மழையில் நனைந்துவிட்டது. பற்றுமா?

பழைய கரி, ஓரிரண்டு மூட்டை என்றால் பயமில்லை. பரப்பிக் காய விடுங்கள். புதிதாகச் சுட்ட கரியில்தான் கவனம் வேண்டும். அணைந்துவிட்டது என்று அன்றே கட்டி வைத்தால், உள்ளே ஒளிந்திருந்த ஒரு தணல் விடிவதற்குள் சாக்கையும் தின்றுவிடும். ஒரு நாளாவது வெளியில் ஆறட்டும்.