ரெண்டு கம்ப்யூட்டர்ல ஹாம் ரேடியோ லாக்கை ஒண்ணா வச்சிக்கறது எப்படி?

"லாக் டேட்டாபேஸை க்ளவுட் ஃபோல்டர்ல போட்டா ரெண்டு பக்கமும் தானா அப்டேட் ஆகிடாதா"ன்னு கேட்டிருக்கீங்க (லாக்னா ரேடியோவுல யாரோட எப்ப பேசினோம்ங்கற பதிவு). ஆகும். எனக்கும் ஏழெட்டு மாசம் நல்லாத்தான் ஆச்சு.

நீங்களும் வேலை ஒரு ஊரு வீடு ஒரு ஊருன்னு அலையற ஆளாத்தான் இருப்பீங்க, இல்லன்னா ரெண்டு கம்ப்யூட்டர் எதுக்கு. நான் வாரம் பூரா ஓசூர்ல ரூம், சனிக்கிழமை ஆனா ராயக்கோட்டை வழியா பஸ் புடிச்சி பாலக்கோட்டு வீடு. ரெண்டு இடத்துலயும் ரேடியோ இருக்கு (அனுமதியெல்லாம் முறையாத்தான் இருக்கு, அதுக்காக யாரும் கமெண்ட்ல வந்து கிளாஸ் எடுக்க வேணாம்).

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டு கம்ப்யூட்டர்ல லாக் ப்ரோக்ராமை மூடாம கடைசி பஸ்ஸுக்கு ஓடிட்டேன், பின்னாடியே கரண்ட் போயி நெட்டும் போயிடுச்சு, நான் ஓசூர் வந்து பழைய காப்பி மேலயே ரெண்டு நாள் எழுதிட்டு இருந்திருக்கேன். வீட்ல நெட் வந்ததும் ஃபோல்டர்ல ரெண்டு ஃபைல் நிக்குது, ஒண்ணு பேருல "கான்ஃப்ளிக்டட் காப்பி"ன்னு வால் வேற. பெரிய ஃபைல்தானே புதுசா இருக்கும்னு சின்னதைத் தூக்கிப் போட்டுட்டேன். என் லாக் இருக்கற எஸ்கியூலைட் வகை டேட்டாபேஸ் ஃபைல், உள்ள இருக்கறதை அழிச்சாலும் தானா சின்னதாகாது, சைஸைப் பார்த்து எது புதுசுன்னு சொல்லவே முடியாதுன்னு அப்புறமாத்தான் படிச்சேன். எழுதிட்டு இருக்கும்போது பக்கத்துலயே ஒரு ஜர்னல் ஃபைலும் வச்சிக்கும், க்ளவுடுக்கு அது ரெண்டும் ஜோடின்னு தெரியாது, தனித்தனியா தூக்கிட்டுப் போகும்.

143 க்யூஎஸ்ஓ (ஒருத்தரோட ஒரு தடவை பேசினா ஒரு க்யூஎஸ்ஓ) போச்சு. எஃப்டி8ல (கம்ப்யூட்டர் வழியா அனுப்பி வாங்கற டிஜிட்டல் முறை) பேசினதெல்லாம் தப்பிச்சுது, ஏன்னா அதுக்கான ப்ரோக்ராம் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் தன் பங்குக்கு ஒரு ஏடிஐ ஃபைல் (லாக் ப்ரோக்ராம்களுக்குப் பொதுவான ஏடிஐஎஃப் வடிவம்) தனியா எழுதிட்டே இருக்கும், அதை இம்போர்ட் பண்ணி மீட்டேன். 40 மீட்டர் அலைவரிசைல வாயால பேசின 31தான் பிரச்சனை. காலண்டர் தாள் பின்னாடி கிறுக்கி வச்சதுல பாதி கிடைச்சுது. ஜப்பான்காரர் ஒருத்தர், வயசானவர், இருபது நிமிஷம் பொறுமையா பேசினாரு, அவரோட கால்சைன் (ரேடியோ அடையாளப் பேரு) போனது போனதுதான். அவரு பக்கம் எல்ஓடிடபிள்யூல (ரெண்டு பேர் லாக்கையும் ஒப்பிட்டு உறுதி பண்ற இணைய சேவை) ஏத்தியே இருந்தாலும் நான் ஏத்தாம எனக்கு அது காட்டாது.

இப்ப நான் பண்றது ரொம்ப பழைய பாணி, சிரிக்காதீங்க. வீட்டு கம்ப்யூட்டர்தான் தாய் லாக். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர்ல அந்த வாரத்தை மட்டும் ஏடிஐஎஃப்பா எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவ்ல ஒண்ணு, எனக்கே மெயில்ல ஒண்ணு. வீட்ல டூப்ளிகேட்டைத் தள்ளிவிடற டிக்கைப் போட்டு இம்போர்ட். திரும்பும்போது ப்ரோக்ராமை மூடிட்டு முழு டேட்டாபேஸையும் காப்பி எடுத்துட்டு வந்து ஓசூர்ல இருக்கறது மேல போட்டுடுவேன்.

முதல் தடவை இம்போர்ட் பண்ணப்ப பாதி லாக் ரெண்டு ரெண்டா வந்துச்சு. ஓசூர் பக்கம் யூடிசிக்கு (லாக்ல எழுத வேண்டிய உலகப் பொது நேரம்) பதிலா நம்ம நேரம் ஏறியிருக்கு, ராத்திரி 8:10க்கு பேசினது ஒண்ணுல 14:40, இன்னொண்ணுல 20:10. அஞ்சரை மணி நேரம் தள்ளி இருந்தா டூப்ளிகேட்னு ப்ரோக்ராமுக்கு எப்படித் தெரியும்? எல்ஓடிடபிள்யூ கூட அரை மணி நேர வித்தியாசம் வரைக்கும்தான் ஒத்துக்கும். அப்புறம் கிரிட், அதாவது உலக வரைபடத்துல நாம பேசற இடம் எந்தக் கட்டம்ங்கற குறி. ஓசூர் எம்கே82, பாலக்கோடு எம்கே92, 78 டிகிரி தீர்க்கக்கோடு நடுவுல போகுது. இம்போர்ட்ல "என் கிரிட்" காலியா இருந்தா என் ப்ரோக்ராம் வீட்டு கிரிட்டைப் போட்டுடுச்சு, ஓசூர்ல பேசினது எல்லாம் பாலக்கோட்டுல பேசினதாயிடுச்சு. டிக்யூஎஸ்எல்ல (எல்ஓடிடபிள்யூவுக்கு கையெழுத்துப் போட்டு ஏத்தற ப்ரோக்ராம்) ரெண்டு ஊருக்கும் தனித்தனி ஸ்டேஷன் லொகேஷன் வச்சி, அந்தந்த க்யூஎஸ்ஓவை அதுல மட்டும் கையெழுத்துப் போட்டு ஏத்துங்க.

ரெண்டு கம்ப்யூட்டரும் நெட் வழியா ஒரே லாக்ல எழுதற மாதிரி மைஎஸ்கியூஎல் சர்வர் போடலாமே, வேவ்லாக் போடலாமேன்னு வருவீங்க. தெரியும். ரெண்டு பக்கமும் நெட் நிக்கற ஊரா இருந்தா அதுதான் சரி, போட்டுக்கோங்க. எங்க பக்கம் நாலு தூறல் விழுந்தா நெட் படுத்துடும்.

லாக்காவது பரவால்ல. பக்கத்து தோப்புக்காரர் "ஏம்பா, உன் கம்பியாலதான் எங்க பெங்களூரா மாமரம் இந்த வருஷம் பூவே வெக்கல"ன்னு ஊரைக் கூட்டிட்டாரு. என் டைபோல் (கம்பி ஆன்டெனா) மேல போயி எட்டு வருஷம் ஆச்சு, போன வருஷம் அவரு மரம் காய்ச்சித் தொங்குச்சு, அதுக்கு யாரும் எனக்கு ஒரு கூடை மாங்காய் தரல. இத்தனைக்கும் பன்னிக்குன்னு அவரு போட்டிருக்கற கரண்ட் வேலி, செடி கொடி பட்டு பட்டு, 40 மீட்டர் பூரா விநாடிக்கு ஒரு டிக்குன்னு அடிக்குது. அதை நான் யாரு கிட்ட சொல்றது?

சரி, உங்க லாக் ப்ரோக்ராம் பேரு என்னன்னு போடுங்க, எக்ஸ்போர்ட் எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்றேன். வெள்ளிக்கிழமைக்கு மேல.