பழைய பஜெரோவுக்குப் புது டயர்: எல்லாத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டா?

கேள்வி: "என்னிடம் இருப்பது 1996 ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜெரோ, 2.8 டீசல். வீடு வெள்ளவத்தையில். கிழமை நாட்களில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என் அலுவலகம். மாதம் ஒரு தடவை கிளிநொச்சியில் அப்பாவின் காணிக்குப் போய்வருவோம். அங்கே கடைசி மூன்று கிலோமீற்றர் மண் பாதை. வருடத்தில் ஒரு முறை வில்பத்துக் காடு. இப்போது டயர் மாற்ற வேண்டும். கடைக்காரர் 'ஜீப்புக்கு எம்டி, அதாவது சேற்று டயர், போட்டால்தான் எடுப்பு' என்கிறார். மச்சானோ 31 அங்குல டயருக்கு மாறச் சொல்கிறார். எல்லாத்துக்கும் பொதுவான டயர் எது ஐயா?"

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். கிளிநொச்சி போய்வர 600 கிலோமீற்றருக்கு மேல். கொழும்புக்குள் மாதத்துக்கு ஒரு 400 என்று வையுங்கள். மொத்தம் 1000. அதில் மண் பாதை, போக மூன்று, வர மூன்று, ஆறே ஆறு கிலோமீற்றர். நூறு கிலோமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர்கூட மண்ணில் ஓடாத ஜீப் உங்களுடையது. கோபிக்க வேண்டாம், கொழும்பில் ஓடும் ஜீப்புகளில் முக்கால்வாசியின் கதை இதுதான். ஆகவே நீங்கள் டயர் தேட வேண்டியது சேற்றுக்கு அல்ல. மே மாதத்து மழையில், பம்பலப்பிட்டியில் முன்னால் போகும் ஓட்டோ திடீரென்று நிற்கும்போது, இரண்டு தொன் இரும்பை நிறுத்துவதற்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இளவயதில் ஒரு பழைய பெற்றோலுக்கு (எரிபொருள் இல்லை, நிசான் பெற்றோலைச் சொல்கிறேன்) ஆசை ஆசையாக எம்டி போட்டேன். பார்க்க யானைக்கால் மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம், நல்ல வெயிலுக்குப் பிறகு விழுந்த முதல் மழையில், காலி வீதியில் மஞ்சள் கடவைக் கோட்டின் மேல் பிரேக்கை மிதித்தேன். நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிப் போய், கடவையைத் தாண்டித்தான் நின்றது. கடவையில் அப்போது யாரும் இல்லை. அது என் கெட்டித்தனம் அல்ல.

ஏன் அப்படி நடந்தது? எம்டி டயரின் முகத்தில் உள்ள ரப்பர்க் கட்டைகள் பெரிது, அவற்றின் இடைவெளியும் பெரிது. இடைவெளி பெரிதென்றால் தண்ணீர் நன்றாக ஓடிவிடுமே என்று நினைப்போம். ஆழமாகத் தேங்கிய தண்ணீரில் அது ஓரளவு சரி. ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியை நிறுத்துவது இடைவெளி அல்ல, வீதியைத் தொடுகிற ரப்பர். எம்டியில் அந்தத் தொடும் பரப்பு குறைவு. போதாததற்கு, கட்டைகளின் முகத்தில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் குறைவு. ஈரத் தாரில் மேலே படிந்திருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தை வெட்டிப் பிடிப்பவை அந்தக் கீறல்கள்தான். வெயில் நாட்களில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் ஊறிக் கிளம்பும் நேரத்தில் இந்தக் குறை நன்றாகத் தெரியும். உங்கள் பஜெரோவில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அல்லது அதன் விளக்கு எப்போதோ எரியத் தொடங்கி நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், இந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசியுங்கள்.

எச்டி, ஏடி, எம்டி என்று கடையில் மூன்று வகை சொல்வார்கள். எச்டி நெடுஞ்சாலைக்கு, எம்டி சேற்றுக்கு, ஏடி நடுவில். ஏடி என்ற பெயருக்குள்ளேயே ஒரு குடும்பம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லமாட்டார்கள். ஒரு பக்கம், எச்டிக்குக் கிட்ட நிற்கிற சாதுவான ஏடி: கட்டைகள் நெருக்கம், கீறல்கள் நிறைய, சத்தம் குறைவு. யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி ஜி015, பிரிட்ஜ்ஸ்டோன் டூலர் ஏடி போன்றவை இந்தப் பக்கம். மறு பக்கம், எம்டிக்கு மச்சினன் முறையான முரட்டு ஏடி: தோள்பக்கம் பல் பல்லாக, பக்கச்சுவர் தடிப்பாக. பிஎஃப்குட்ரிச் ஆல்டெரெய்ன் கேஓ2 இந்தக் கட்சிக்காரன். நல்ல டயர்தான், கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் அதன் பக்கச்சுவருக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் பள்ளிக்கூட வாசலில் அதற்கு என்ன வேலை? உங்களுக்கு வேண்டியது சாதுவான ஏடி. பெயரை விடக் கையில் பிடித்துப் பாருங்கள்: நடுப்பகுதிக் கட்டைகளில் கீறல் நிறைய இருக்க வேண்டும், அவை ஆழமாகவும் போக வேண்டும். மேலோட்டமான கீறல் பாதி தேய்வதற்குள் மறைந்துவிடும். ஐரோப்பிய ஒட்டுச்சீட்டு இருந்தால் மழைத்துளிப் படத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ நல்லது, ஈ மோசம். சில டயர்களில் மலையும் பனிச்செதிலும் போட்ட சின்னம் இருக்கும். அது பனிக்காலத்துக்கானது. நுவரெலியாவுக்கும் அது தேவையில்லை. அதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம்.

காணிப் பாதையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மாரி மழையில் ஊறிய வன்னிக் களிமண்ணில் ஏடியின் இடைவெளிகள் அடைந்து, டயர் மொட்டையாகிவிடும். அங்கே எம்டி வெல்லும், மறுக்கவில்லை. ஆனால் வருடத்தில் இரண்டொரு தடவை வரும் அந்தக் கஷ்டத்துக்காக மற்ற நாட்களைப் பலி கொடுக்கக்கூடாது. அந்த மாதங்களில் வண்டியை முன்கூட்டியே நான்கு சக்கர இழுவைக்குப் போடுங்கள், காற்றைக் குறையுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் மூன்று கிலோமீற்றர் நடக்கலாம். வயலுக்குள்ளேயே இறக்க வேண்டிய தேவை வந்தால், பஞ்சிகாவத்தையில் நான்கு பழைய இரும்பு ரிம் தேடி, எம்டியை அதில் தனியாகப் பூட்டிக் காணியிலேயே வைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பஜெரோவுக்கும் டொயோட்டா ஹைலக்ஸுக்கும் ஆறு நட்டுத்தான், நட்டு வட்டமும் 139.7 மில்லிமீற்றர்தான். அதனால் "பொருந்தும் ஐயா" என்று டொயோட்டா ரிம்மைத் தருவார்கள். நடுத் துளையும் உள்வாங்கலும் (ஒஃப்செட்) வேறு. மிட்சுபிஷி ரிம்மையே கேளுங்கள்.

இப்போது மச்சானிடம் வருவோம். உங்கள் அகலமான உடல்கொண்ட பஜெரோவுக்கு வழக்கமான அளவு 265/70 ஆர்15. 265 மில்லிமீற்றர் அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர், 15 அங்குல ரிம். கணக்குப் போட்டால் முழு விட்டம் ஏறத்தாழ 752 மில்லிமீற்றர். மச்சான் சொல்லும் 31 அங்குலம் 787. வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேகமானி 100 காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 105 இல் போவீர்கள். தெற்கு அதிவேக வீதியில் பொலிஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்! ஆனால் என் கவலை அபராதம் அல்ல. டயர் உயர்ந்தால் ஒவ்வொரு கியரும் நீளும், கடுகண்ணாவை ஏற்றத்தில் இன்ஜின் முனகும், பிரேக் அதே பலத்தில் கூடுதல் பாரத்தை நிறுத்த வேண்டியிருக்கும். அதோடு உங்கள் ஸ்பெயார் வீல் பின்கதவில் தொங்குகிறது. முப்பது வயதை ஒட்டிய அந்தக் கதவுக் கீல்களைக் கையால் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு மச்சானுக்குப் பதில் சொல்லுங்கள்.

265/70 ஆர்15 இல் நல்ல ஏடி கிடைக்கவில்லை என்றால் (15 அங்குல ரிம்முக்கான தெரிவுகள் வருடா வருடம் குறைந்துகொண்டுதான் வருகின்றன) மேலே போகாமல் கீழே வாருங்கள். 235/75 ஆர்15 இன் விட்டம் 733 மில்லிமீற்றர். உங்கள் ஏழு அங்குல ரிம்மில் உட்காரும். ஒடுக்கமான டயர் தேங்கிய தண்ணீரை இலகுவாகப் பிளக்கும், ஸ்டியரிங்கும் லேசாகும். பார்க்கக் கொஞ்சம் மெலிந்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: அளவுக்குப் பின்னால் உள்ள பார எண். 105 என்றால் ஒரு டயர் 925 கிலோ தாங்கும், 109 என்றால் 1030, 112 என்றால் 1120. குடும்பமும் காணிக்குச் சாமானும் ஏற்றுகிறவருக்கு 235 அளவில் 109 ஆவது வேண்டும். பக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்து வேகத்துக்கு. எஸ் என்றால் 180 வரை. பஜெரோவுக்கு அதற்கு மேல் எதற்கு?

எல்டி என்ற எழுத்தோடு வரும் டயரைக் கண்டு "பாரம் தாங்கும்" என்று உடனே தூக்க வேண்டாம். அவை லொறி வகைக் கட்டமைப்பு, பக்கச்சுவர் விறைப்பு. அதே பாரத்தைச் சுமக்க அதற்குக் காற்றும் கூட வேண்டும். கதவில் எழுதிய அளவு அதற்குப் போதாது. வெறும் வண்டியில் ஓடினால் குலுங்கிக் குலுங்கி, முதுகு உள்ளவர்களுக்குத் தாங்காது.

இனி, டயர் கடைக்குப் போவதற்கு முன்னால் போக வேண்டிய இடம்: உங்கள் கராஜ். முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். பஜெரோவின் இந்தத் தலைமுறையில் ஸ்டியரிங் பெட்டியும் அதற்கு எதிர்ப்புறம் ஐட்லர் ஆம் என்ற ஒரு கையும் இருக்கும். அந்தக் கை, பந்து மூட்டுகள், சக்கரப் பெயாரிங் எல்லாவற்றிலும் ஆட்டம் பார்க்கட்டும். ஆட்டத்தோடு புது டயர் போட்டால் சில ஆயிரம் கிலோமீற்றரிலேயே ஓரம் சாப்பிட்டுவிடும். பிறகு குற்றம் டயரின் தலையில் விழும். பழைய டயரைக் கழற்றுமுன் அதன் முகத்தில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, மறு பக்கம் வரும்போது வாள்பல் மாதிரி உரசினால் அலைன்மென்ட் பிழை. மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷொக் அப்சோபர் போய்விட்டது. கராஜ் பாஸ் சொல்வதற்கு முன் டயரே சொல்லிவிடும்.

வாங்கும் இடத்தில் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் முடிவில் நான்கு இலக்கம். 2225 என்றால் 2025 ஆம் ஆண்டின் 22 ஆவது வாரம் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்தத் திகதி இருப்பதும் உண்டு. ஆகவே ரிம்மில் ஏற்றுமுன் இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள். ஐந்திலும் பாருங்கள். "புதுசுதான் சேர், பாவிக்கவே இல்லை" என்பார்கள். ரப்பர் அலுமாரியில் இருந்தாலும் வயது போகும், நம் ஊர் வெக்கையில் இன்னும் வேகமாக. இரண்டு வருடத்துக்கு மேல் பழையதென்றால் நான் விலை பேசுவேன், நான்கு வருடம் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஓட்டத்தில் உள்ள டயரை ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். முகத்தில் பூ (கட்டைகளின் உயரம்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம். ரீபில்ட் பண்ணிய (பழைய உடலில் புது முகம் ஒட்டிய) டயரை இந்த வண்டியின் முன்சக்கரத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

ஐந்து என்று சொன்னேன், கவனித்தீர்களா? இரண்டு இரண்டாக மாற்றுவது காரில் சரி. பஜெரோவின் சூப்பர் செலக்ட் என்ற நான்கு சக்கர இழுவை அமைப்பில், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் 4எச் இல் (நான்கு சக்கர இழுவையில்) தார் வீதியிலும் ஓடலாம். ஆனால் முன்னும் பின்னும் டயர் விட்டம் வேறுபட்டால் அந்த டிஃபரன்ஷியலோடு உள்ள பிசுக்குத் திரவ இணைப்பு ஓயாமல் வேலை செய்து சூடாகும். நடுவைப் பூட்டிவிட்டு ஓடினால் இன்னும் மோசம். ஐந்தையும் ஒரே வகையில் வாங்கி, ஸ்பெயாரையும் சேர்த்து 8000 முதல் 10000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை சுழற்றினால் எல்லாம் ஒன்றாகத் தேயும். கையில் காசு நாலுக்குத்தான் என்றால், பழையதில் நல்லதை ஸ்பெயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பெயாரைப் போட்டு ஓடும் மட்டும் 2எச் இலேயே (பின்சக்கர இழுவையிலேயே) ஓடுங்கள்.

காற்றுக்கு, சாரதிக் கதவுச் சட்டத்தில் உள்ள சீட்டைப் பாருங்கள். ஜப்பானில் இருந்து வந்த வண்டி என்றால் அது ஜப்பானிய மொழியில் இருக்கும், இலக்கம் கிலோபாஸ்கலில் இருக்கும். 200 என்றால் 29 பிஎஸ்ஐ. வில்பத்தின் மணலில் புதைகிற மாதிரி இருந்தால் 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். டயர் நீளமாகப் படிந்து மணலின் மேல் நடக்கும். அப்படி இறக்கியபின் வேகமும் வேண்டாம், சடாரென்று வளைக்கவும் வேண்டாம். திரும்பிக் காற்றடிக்க ஒரு சின்னப் பம்ப் வண்டியில் இருக்கட்டும். இறக்கிய காற்றோடு புத்தளம் வீதியில் 80 இல் ஓடினால் பக்கச்சுவர் வெந்துவிடும்.

புது டயர் முதல் சில நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் வழுக்கும், மெதுவாக ஓட்டுங்கள். கழற்றிப் பூட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்க வேண்டும். கிளிநொச்சிக்குப் போகும் வழியில் எப்படியும் சிலாபத்தில் தேநீருக்கு நிற்பீர்கள்தானே, ஸ்பானரைக் கையோடு எடுத்துக்கொண்டே இறங்குங்கள்.