நாற்பதைத் தாண்டி சைக்கிளில் வேலைக்கு: முதலில் வழி, பிறகு வண்டி

வாசகி கேள்வி: எனக்கு வயது 43. தர்மபுரி ஒட்டப்பட்டி பக்கம் வீடு. நான்கு ரோடு அருகே ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஒரு வழிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும், ஸ்கூட்டியில் போகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. அதிலேயே வேலைக்குப் போகலாமா, கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா? நான் சேலை கட்டுபவள். சேலம் ரோட்டு பஸ்ஸையும் லாரியையும் நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பதில்: போகலாம். புது வண்டியும் தேவையில்லை. ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேலம் ரோட்டுப் பயம் நியாயமான பயம். பழகினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். கால் வலித்தது என்பவர்களைவிட, ஒருநாள் பஸ் உரசிக்கொண்டு போனது, அன்றோடு விட்டேன் என்பவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எந்த சைக்கிள் என்பது அப்புறம். எந்த வழியில் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை 44 இப்போது ஊருக்கு வெளியே போகிறது. இருந்தாலும் சேலம் ரோட்டில் டவுன் பஸ், வெளியூர் பஸ், மணல் ஏற்றிய டிப்பர் எல்லாம் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. ஸ்கூட்டியில் நீங்களும் ஏறக்குறைய அதே வேகத்தில் போவதால் அது உறைக்காது. சைக்கிளில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போகும்போது, பின்னால் வருவதெல்லாம் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி மோதினால், அதே வண்டி 30 கி.மீ. வேகத்தில் மோதுவதைவிடக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆற்றல் உடம்பின் மேல் இறங்கும். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் உச்ச வேகம் 30 என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு வலியுறுத்தியது இதனால்தான். நம் உட்தெருக்களில் பலகை எதுவும் வைக்காமலேயே வேகம் 30க்குள் அடங்கிவிடுகிறது. வளைவும், வாசலில் நிறுத்திய வண்டிகளும், தெருவில் விளையாடும் பிள்ளைகளும் ஓட்டுபவரின் காலை பிரேக்கிலேயே வைத்திருக்கும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இலக்கியம்பட்டி உட்தெருக்களில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். மெயின் ரோட்டைத் தொடாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது, எத்தனை இடத்தில் அதைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கடக்கும் இடங்கள் குறைவாக உள்ள வழியே நல்ல வழி, அது ஒரு கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் சரி. அந்தச் சுற்றுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். பெரிய பள்ளிக்கூட வாசல் வழியில் வந்தால் மணி அடிக்கும் நேரத்தைத் தவிர்க்கப் பாருங்கள். பிறகு ஒரு வேலைநாளில், நீங்கள் உண்மையில் போகும் நேரத்திலேயே, அதே வழியில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிறு காலைத் தெரு வேறு, திங்கள் ஒன்பது மணித் தெரு வேறு.

உட்தெருவில் இன்னொரு தொல்லை உண்டு: நாய்கள். துரத்தினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். விழுவது பெரும்பாலும் அப்போதுதான். வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு போங்கள். துரத்த எதுவும் ஓடாதபோது பெரும்பாலான நாய்கள் விட்டுவிடும்.

எவ்வளவு தவிர்த்தாலும் நான்கு ரோடு பக்கம் கொஞ்ச தூரம் மெயின் ரோட்டில் போயாக வேண்டும். அங்கே முக்கியமான விஷயம், பஸ்ஸுக்கோ லாரிக்கோ இடப்பக்கத்தில் நுழைந்து நிற்கக் கூடாது. டிரைவரின் கண்ணாடியில் அந்த இடம் சரியாகத் தெரியாது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் விலகிப் போனாலும் பின்சக்கரம் ஓரத்தை ஒட்டி வரும். சைக்கிள்காரர்கள் உயிரைவிடும் விபத்துகளில் இது மிக மோசமான வகை. பெரிய வண்டி நின்றால் அதன் பின்னாலேயே நில்லுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள். கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ரோட்டின் கடைசி ஓரத்தில் மணல் குவிந்திருக்கும், அதில் சக்கரம் வழுக்கும். ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் உள்ளே வந்து நேர்கோட்டில் ஓட்டினால் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெளிவாகத் தெரிவீர்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இறங்கி, உருட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

இனி வண்டி. மகளின் சைக்கிள் நடுவில் பார் இல்லாதது, முன்னால் கூடை வைத்தது. சேலைக்கு அதைவிடத் தோதான வண்டி கிடையாது. சும்மா நின்ற வண்டி என்பதால் நேராக மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோய் ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். டயர் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, பிரேக் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று நீங்களே கூட நின்று பாருங்கள். காற்று வாரம் ஒருமுறை அடிக்க வேண்டும். காற்று குறைந்த டயரில் ஓட்டிவிட்டு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். மேடு ஏற மூச்சு வாங்கினால் கியர் சைக்கிள் தேட வேண்டாம்; பின்சக்கரத்தில் பல் அதிகமுள்ள ஃப்ரீவீலாக மாற்றித் தரச் சொல்லுங்கள். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம். வேகம் சற்றுக் குறையும், மிதிப்பது இலகுவாகும்.

சீட்டின் உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். சீட்டைத் தாழ்த்தி ஓட்டினால் உங்கள் வயதில் முட்டி வலி வரும், பழி சைக்கிள் மேல் விழும். முதல் வாரம் மட்டும் இரண்டு கால் விரலும் தரையில் ஊன்றுகிற உயரத்தில் ஓட்டி, கை பழகியதும் உயர்த்துங்கள்.

சேலைக்கு முழு செயின் கவர் கட்டாயம் வேண்டும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் வலை மாட்டச் சொல்லுங்கள். முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகி ஒரு பின் குத்துங்கள். கொசுவத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் பெடலில் சிக்காது. மார்கழியில் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடும். கேரியரில் சிவப்பு விளக்கு ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள்.

உடம்பு விஷயத்தில் கணக்கு எளிது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சுற்றுவழியில் ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு வழிக்கு 25 நிமிடம். வாரம் ஐந்து நாள் போய்வந்தால் 250 நிமிடம் ஆகிவிடும். நடக்கக் கிடைக்காத நேரம் இப்படி வேலைக்குப் போகும் நேரத்துக்குள்ளேயே கிடைக்கிறது. வேகம் வேண்டாம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு போதும். தொடைத் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. எல்லைக்கோட்டில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. மாத்திரையோ இன்சுலினோ ஆரம்பிக்கும் நிலை வந்தால், சர்க்கரை திடீரென்று இறங்குமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியோ ரத்த அழுத்தமோ இருந்தால் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். முதல் மாதம் வாரம் மூன்று நாள் போதும். ஸ்கூட்டியை விற்றுவிடாதீர்கள், மழைக்கும் சந்தைக்கும் அது வேண்டும்.

பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் தொடங்க வேண்டாம். தினம் எட்டு கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 200 கிலோமீட்டர். ஸ்கூட்டிக்கு நாலரை லிட்டர் பெட்ரோல் செலவாகும். அந்தத் தொகைக்காக யாரும் சித்திரை வெயிலில் மிதிக்க மாட்டார்கள். காலையில் தெம்பாக வேலைக்கு வந்து சேர்வதும், மாலையில் தலைபாரம் இறங்கி வீடு வருவதும்தான் ஆட்களைத் தொடர வைக்கிறது.

ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தர்மபுரியில் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாலும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். பெருநகரங்களுக்குக் கிடைக்காத வசதி இது. அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. ஆக, வீட்டுக்கு வீடு சைக்கிள் வந்துவிட்டது. அது ஓட ரோட்டில் இடம் வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளும் துணிச்சல் நம் பெண்களுக்கு எப்போதும் இருந்தது. நெதர்லாந்தும் பிறவியிலேயே சைக்கிள் நாடாக இருந்துவிடவில்லை. 1971இல் மட்டும் அங்கே 3,000க்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், அதன் பிறகே அரசு சைக்கிள் பாதைகளில் முழுமூச்சாக இறங்கியது.

நம் ஊருக்குத் தனிப்பாதை வரும்வரை சின்ன வேலைகளைக் கேட்டு வாங்கலாம். ரோட்டோர மணலை வாரம் ஒருமுறை கூட்டி அள்ள வேண்டும். சாக்கடை மூடிக் கம்பிகள் ரோட்டுக்கு இணையாக இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கும். குறுக்காகத் திருப்பிப் போட வேண்டும். பள்ளி வாசல்களில் வேகத்தடையும் வெள்ளைக் கோடும் வேண்டும். உட்தெரு என்றால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ, சேலம் ரோடு என்றால் நெடுஞ்சாலைத் துறையிலோ மனு கொடுங்கள். யாருடையது என்று தெரியாத இடத்துக்கு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். கலெக்டர் தலைமையிலேயே மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு இருப்பதால், மனுவை அந்தக் குழுவில் வைக்கக் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரு மனுவில் ஒரே இடம், அதன் போட்டோ, அருகிலுள்ள கடை அல்லது கோயிலின் பெயர் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.