நீண்ட பயணத்தின் நடுவே பைக் செயின் தளர்ந்து சத்தம் போட்டால் என்ன செய்வது?

எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் விரலைக் கொண்டுபோகவே வேண்டாம். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மிக இறுக்கமான இடத்தில்தான் தளர்வை, அதாவது செயின் மேலும் கீழும் ஆடும் தூரத்தை, அளக்க வேண்டும். பல பைக்குகளுக்கு 25–35 மி.மீ. சரி, உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். பின்சக்கர அச்சைப் பிடித்திருக்கும் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினை இறுக்கும் இருபக்க அட்ஜஸ்டரையும் சம அளவில் திருகுங்கள். ரொம்ப இறுக்கிவிட்டால் பேரிங் கெடும், செயினே அறுந்தும் போகலாம். அப்புறம் நட்டை நன்றாக முறுக்குங்கள்.

ஓ-ரிங் செயினை (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளது) பெட்ரோலில் கழுவாதீர்கள், ரப்பர் பாழாகும். சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை செயின் லூப் (மசகு எண்ணெய்) அடியுங்கள். மழையில் ஓட்டினால் அன்றைக்கே. அட்ஜஸ்டர் கடைசிவரை போயும் தளர்வு தீரவில்லையா? செயினையும் அது சுற்றும் பல்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.